அடி வாங்கும் கவசம்: டேபிள்டாப் ஆர்.பி.ஜி.க்குக் கவசச் சேத விதி எழுதுவது எப்படி

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. என்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதற்கு நான் முதன்முதலில் எழுதிய கவசச் சேத விதி மூன்று செஷன்தான் (ஆட உட்காரும் ஒரு தடவை ஒரு செஷன்) தாங்கியது. ஒவ்வொரு கவசத்துக்கும் தனியாக ஹிட் பாயிண்ட், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், கொடுத்திருந்தேன். சங்கிலிக் கவசத்துக்கு 30. மேலே விழும் ஒவ்வொரு அடியிலும் பாதி கவசத்தில் கழியும். எழுதிப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. ஆட உட்கார்ந்ததும், முன்வரிசைப் போர்வீரனான ஃபைட்டராக ஆடிய நண்பர் கேரக்டர் ஷீட்டின் ஓரத்தில் கணக்குப்பிள்ளை மாதிரி பத்தி போட்டு எழுத ஆரம்பித்தார். மற்றவர்கள் வாள் வீசினார்கள், மந்திரம் போட்டார்கள். அவர் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தார். நான்காவது செஷனில் அவருடைய கேரக்டர் கவசத்தைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டு, வில்லும் கையுமாகப் பின்வரிசையில் போய் நின்றது. "உடைஞ்சா காசு, உடையலைன்னா கணக்கு. எதுக்கு வம்பு?" என்றார்.

முன்னால் நிற்க வேண்டியவரைப் பின்னால் விரட்டிய விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை திருத்தி எழுதி, இப்போது எங்கள் மேசையில் ஓடுவதைத்தான் இங்கே சொல்கிறேன். எண்கள் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை ஒட்டியவை. இருபது முகப் பகடையும் ஆர்மர் கிளாஸும் (ஏ.சி.: ஒருவரை அடிக்க எதிரி உருட்டிக் கூட்டி எட்ட வேண்டிய எண்) உள்ள வேறு விளையாட்டு ஆடுகிறீர்கள் என்றால் கொஞ்சம் தட்டிக்கொட்டிப் பொருத்திக்கொள்ளலாம்.

முதல் வேலை: உங்கள் விளையாட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

பல விளையாட்டுகளில் கவசம் தேய்வது மூல விதியிலேயே உண்டு. சைபர்பங்க் ரெட்டில் டேமேஜ் கவசத்தைத் தாண்டி உள்ளே போகும்போதெல்லாம் கவசத்தின் எண்ணில் ஒன்று குறையும். மோர்க் போரியில் கவசத்துக்கு லேசு, நடுத்தரம், கனம் என மூன்று படி. அடிபடும்போது முறையே டி2, டி4, டி6 (அதாவது இரண்டு, நான்கு, ஆறு முகப் பகடை) உருட்டி அந்த அளவு டேமேஜைக் கழிப்பார்கள். தற்காப்புக்கு உருட்டும்போது 1 விழுந்தால் இரட்டை டேமேஜ், கூடவே கவசம் ஒரு படி இறங்கும். நான் பார்த்ததில் மிகச் சிக்கனமான விதி இதுதான். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் பொருள்களுக்குக் கடினத்தன்மை, ஹிட் பாயிண்ட், உடையும் எல்லை எல்லாம் இருக்கின்றன. எஃகுக் கேடயம் என்றால் கடினத்தன்மை 5, ஹிட் பாயிண்ட் 20, அதில் 10 போனால் உடைந்த கணக்கு. கவசம் உடைந்தால் லேசானதற்கு 1, நடுத்தரத்துக்கு 2, கனத்துக்கு 3 என்று ஏ.சி. குறையும்.

இவற்றில் ஒன்றை ஆடுகிறீர்கள் என்றால் மேலே ஒன்றும் ஒட்ட வேண்டாம். உள்ளதை ஒழுங்காக ஆடினாலே போதும்.

அடி எங்கே விழுகிறது

என் முதல் விதி தோற்றதற்குக் கணக்கு மட்டும் காரணமில்லை. அதில் ஒரு தர்க்கப் பிழையும் இருந்தது. அது எனக்கு உறைக்கவே நாளானது.

தகட்டுக் கவசத்துக்கு ஏ.சி. 18. எதிரி உருட்டிக் கூட்டியது 9 என்றால், அடி ஆள்மீதே படவில்லை. 18 அல்லது அதற்கு மேல் என்றால் உடம்பில் பட்டுவிட்டது. நடுவில் 10 முதல் 17 வரை இருக்கிறதே, அதுதான் கவசம் வேலை செய்த இடம். வாள் தகட்டில் பட்டுச் சறுக்கிப் போனது, ஆணி நெளிந்தது, வார் அறுந்தது எல்லாம் அங்கேதான். அதாவது இந்த விளையாட்டில் 'தவறிய அடி' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை கவசம் வாங்கிய அடிகள். 'பட்ட அடி' என்பது கவசத்தை ஏமாற்றிவிட்டு உள்ளே போனது. உடம்பில் பட்ட அடிக்கெல்லாம் கவசத்தைத் தேய்த்தால் கதை தலைகீழாகிவிடுகிறது. பல்லேடியம் ஃபேன்டஸி விளையாட்டு இதைச் சரியாகப் பிடித்திருந்தது. அதில் கவசத்துக்கு ஒரு எண் உண்டு. உருட்டியது அந்த எண்ணுக்குள் வந்தால் டேமேஜ் கவசத்துக்கு, தாண்டினால் ஆளுக்கு.

சரி, அப்படியென்றால் தவறிய அடிகளைக் குறித்து வைக்கலாமா? தர்க்கம் சரி, மேசையில் கொடுமை. ஒரு சண்டையில் அப்படி எத்தனையோ வரும். ஆகவே எந்த அடி கவசத்தைச் சேதப்படுத்துகிறது என்பதை அரிதாக வரும் ஒரு நொடியோடு கட்டிவிட வேண்டும். அந்த நொடி கிரிட்டிகல்: இருபது முகப் பகடையில் 20 விழும் அடி, அதற்கு டேமேஜ் பகடை இரட்டிக்கும்.

எண்களைப் பாருங்கள். முன்வரிசைக் கேரக்டரைக் குறிவைத்து ஒரு சண்டையில் எட்டுத் தாக்குதல், ஒரு நாளில் மூன்று சண்டை என்று வைத்துக்கொண்டால் 24 உருட்டல். ஏ.சி. 18, எதிரி உருட்டியதோடு கூட்டுவது 5 (+5) என்றால் 40 சதவீதம் படும். நாளுக்குப் பத்துத் தடவை போலக் கவசக் கணக்கு எழுத வேண்டும். கிரிட்டிகலுக்கு மட்டும் என்றால் சராசரி 1.2. ஒரு நாளில் குறைந்தது ஒரு கிரிட்டிகலாவது விழ 71 சதவீத வாய்ப்பு. இரண்டோ அதற்கு மேலோ விழ 34 சதவீதம். எழுதுகிறவருக்குக் கை வலிக்காது. கவசத்தைப் பற்றிய பயமும் போகாது.

விதியின் மையம்: கேட்டு வாங்கும் அடி

கவசச் சேதம் என்று யோசிக்கத் தொடங்கும் எல்லா ஜி.எம்.களும் (விளையாட்டை நடத்துபவர்கள்) ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். மந்திரம் போடும் விசார்டுக்குக் கவசம் கிடையாது. மேஜ் ஆர்மர் மந்திரம் போட்டால் எட்டு மணி நேரம் ஏ.சி. 13உடன் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்புக்கான கூடுதல் எண்), அது நசுங்காது. மங்க்குக்கும் பார்பேரியனுக்கும் கவசமில்லாமலே ஏ.சி. வரும். ஆக, கவசத்தைத் தேய்க்கும் எந்த விதியும் ஃபைட்டர், பாலடின், கிளெரிக் மாதிரிக் கவசம் மாட்டும் ஆட்களுக்கு மட்டும் போடும் வரி. வரி போட்டால் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா?

அதனால் எங்கள் விதி இப்படி: எதிரியின் கிரிட்டிகல் உங்கள்மீது விழுந்தால், டேமேஜ் பகடையை உருட்டுவதற்கு முன் "கவசம் வாங்கிக்கட்டும்" என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் அது சாதாரண அடியாகிவிடும், பகடை இரட்டிக்காது. ஷீட்டில் கவசத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். சொல்லாவிட்டால் கவசத்துக்கு ஒன்றும் ஆகாது, கிரிட்டிகல் முழுசாக உடம்பில் இறங்கும்.

அவ்வளவுதான். சேதம் என்பது ஜி.எம். தலையில் கட்டும் தண்டனையாக இல்லாமல் ஆடுபவர் எடுக்கும் முடிவாக மாறியதும் மேசையின் முகமே மாறிவிட்டது. ஓகர் என்னும் அரக்கன் ஒன்றின் தடியடி 2டி8+4 (இரண்டு எட்டுமுகப் பகடையின் கூட்டல், அதோடு 4), சராசரி 13. கிரிட்டிகல் என்றால் 4டி8+4, சராசரி 22. இந்த ஒன்பது புள்ளிக்காகக் கவசத்தில் ஒரு கோடு தரலாமா என்று யோசிக்கும் இடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். எட்டு ஹிட் பாயிண்டோடு நிற்பவருக்கு ஓகரின் சாதாரண அடியே போதும் விழுவதற்கு. அவர் கோட்டைச் சேமிக்கலாம். பதினாறோடு நிற்பவருக்கு அந்தக் கோடுதான் உயிர்.

பகடை உருட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும் என்பதில் நான் கறாராக இருக்கிறேன். உருட்டிய பிறகு என்றால் அது வெறும் கணக்குப் பரீட்சை. முன்னால் என்றால் கொஞ்சம் சூதாட்டம். திருடன் வகைக் கேரக்டரான ரோகின் ஸ்னீக் அட்டாக் மாதிரி பகடைக் குவியலோடு அடிக்கும் எதிரி வந்தால் யாரும் யோசிப்பதே இல்லை, உடனே கவசம்தான்.

எத்தனை கோடு தாங்கும்

முதலில் எல்லாக் கோட்டுக்கும் ஏ.சி.யில் ஒன்று குறைத்துப் பார்த்தேன். தோல் கவசத்துக்கு ஏ.சி. 11. ஒரு கோடு போட்டால் 10. அது வெறும் சட்டைக்குச் சமம். முதல் அடியிலேயே ரோக் ஆடுபவருக்குக் கவசம் போய்விட்டது, தகட்டுக் கவசக்காரர் மட்டும் எட்டு அடி வரை நிமிர்ந்து நின்றார். ஏற்றத்தாழ்வு கண்ணை உறுத்தியது.

இப்போது முதல் கோட்டுக்குத் தண்டனை கிடையாது. நசுங்கிவிட்டது, கிழிந்துவிட்டது, ஆனால் இன்னும் கவசம்தான். அடுத்த கோடுகளுக்கு ஒவ்வொன்றாக ஏ.சி. குறையும். கடைசிக் கோட்டில் கவசம் உதவாமல் போகும். லேசான கவசம் இரண்டு கோடு தாங்கும்: முதலாவது சும்மா, இரண்டாவதோடு கந்தல். நடுத்தரம் மூன்று: சும்மா, பிறகு ஏ.சி. ஒன்று குறைவு, பிறகு உடைவு. கனம் நான்கு: சும்மா, ஒன்று குறைவு, இரண்டு குறைவு, உடைவு. உடைந்த கவசத்தோடு நிற்பவருக்கு ஏ.சி. 10உடன் டெக்ஸ்டெரிட்டி, கவசமே போடாத ஆளைப் போல.

ஏ.சி.யில் இரண்டு என்றால் சின்ன விஷயமாகத் தோன்றும். மேலே சொன்ன +5 எதிரிக்கு 40 சதவீதம் 50 ஆகிறது. அதாவது நான்கு அடி விழுந்த இடத்தில் ஐந்து விழும். மூன்று கோடு போட்ட தகட்டுக் கவசத்தோடு நிற்கும் ஃபைட்டர் அடுத்த கிரிட்டிகலில் என்ன சொல்வார் என்று பார்க்க எனக்கு எப்போதும் ஆசை.

கோடு போடும்போது வெறுமனே போடாமல் என்ன ஆயிற்று என்று ஆடுபவரையே ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். சங்கிலிக் கவசம் என்றால் வளையங்கள் பிய்ந்து தொங்கும். தகடு என்றால் தோள் மூட்டின் வார் அறுந்திருக்கும், ஆணி தெறித்திருக்கும், மார்புத் தகடு உள்வாங்கி மூச்சு விட இடைஞ்சலாக இருக்கும். தோல் என்றால் தையல் பிரிந்திருக்கும். எங்கள் குழுவில் ஒரு பாலடினின் தலைக்கவசத்தில் முகமூடி ஒரு பக்கமாகக் கோணி நின்றுவிட்டது. பழுது பார்த்த பிறகும் அந்தக் கோணலை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்கள்.

கேடயம்

கேடயத்துக்குக் கோடெல்லாம் வேண்டாம். பழைய பாணி விளையாட்டு ஆடுபவர்களிடையே வெகுநாளாக ஒரு ஹவுஸ் ரூல் (ஆடுபவர்களே சேர்த்துக்கொண்ட விதி) புழங்குகிறது: கேடயத்தைப் பலி கொடுத்தால் ஒரு அடியின் டேமேஜ் முழுவதையும் தவிர்க்கலாம், கேடயம் சில்லுசில்லாகப் போகும். அற்புதமான விதி. ஆனால் ஐந்தாம் பதிப்பில் கேடயம் 10 தங்கக் காசுதான். மூன்றாம் லெவலுக்குப் பிறகு அது ஒரு காசே இல்லை. முதுகில் நாலு கேடயத்தைக் கட்டிக்கொண்டு ஆமை மாதிரி வருவார்கள் (வந்தார்கள்).

அதனால் இரண்டு திருத்தம். கேடயத்தைப் பலி கொடுத்தால் டேமேஜ் முழுதும் போகாது, பாதியாகும். கூடுதலாக ஒரே ஒரு கேடயம்தான் தூக்கி வரலாம். புதிய கேடயத்தை மாட்ட மூல விதிப்படியே ஒரு ஆக்ஷன் (உங்கள் முறையில் செய்யும் முக்கியச் செயல்) செலவாகும் என்பதால் சண்டை நடுவில் மாற்றுவதற்கும் விலை உண்டு. கேடயத்துக்கு இருக்கும் ஒரு சலுகை, கிரிட்டிகலுக்குக் காத்திருக்க வேண்டாம். எந்த அடிக்கும் கொடுக்கலாம், டேமேஜ் எண்ணிக்கை தெரிந்த பிறகும் கொடுக்கலாம்.

பழுது பார்ப்பது

விதியின் பாதி உயிர் இங்கேதான் இருக்கிறது. பலர் இதை 'ஊருக்குப் போனால் சரியாகிவிடும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இரவு தங்கும் இடத்தில், அதாவது ஒரு லாங் ரெஸ்டில், பொருத்தமான கருவியும் அதில் தேர்ச்சியும் உள்ள ஒருவர் ஒரு கோட்டை அழிக்கலாம். உலோகத்துக்குக் கொல்லன் கருவி, தோலுக்குத் தோல் வேலைக் கருவி. குழுவுக்கே ஒரு கோடு, ஒரு ஆளுக்கு ஒரு கோடு அல்ல. இந்தச் சின்ன நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபைட்டருக்கு இரண்டு கோடு, கிளெரிக்குக்கு ஒன்று. பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான். இன்றிரவு யாருடையது? வழக்கமாக "எல்லாரும் தூங்குகிறோம், அடுத்து" என்று தாண்டிப் போகும் இடத்தில் பத்து நிமிடம் கேரக்டர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஷீட்டில் 'கொல்லன் கருவிகள்' என்று எழுதிவிட்டு ஒரு வருடமாக அதைத் தொடாத டுவார்ஃப் திடீரென்று முக்கியமான ஆளாகிவிட்டார்.

மெண்டிங் மந்திரம் பற்றிச் சண்டை வரும். வராத மேசை இல்லை. ஒரு அடி நீளத்துக்குள் இருக்கும் ஒரே ஒரு பிளவையோ கிழிசலையோ அது சரி செய்யும், ஒரு நிமிடம் ஆகும். வரம்பில்லாமல் விட்டால் விசார்ட் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டிவிடுவார், விதியே செத்துப்போகும். ஒரேயடியாகத் தடுத்தால் அந்த மந்திரத்தைத் தேர்ந்தெடுத்தவர் வயிற்றில் அடிப்பதாகும். நாங்கள் கண்ட நடுவழி: மெண்டிங் தெரிந்தவர் கருவியும் தேர்ச்சியும் உள்ளவருக்குச் சமம். அவரும் ஒரு லாங் ரெஸ்டில் ஒரு கோடு அழிக்கலாம். இருவரும் இருந்தால் இரவுக்கு இரண்டு.

ஊரில் கொல்லுப்பட்டறை இருந்தால் ஒரு கோட்டுக்குக் கவச விலையில் பத்தில் ஒரு பங்கு, ஒரு நாள் வேலை. தோல் கவசம் 10 காசு, எனவே ஒரு காசு. சங்கிலிக் கவசம் 75, கோட்டுக்கு ஏழரை. தகட்டுக் கவசம் 1500, கோட்டுக்கு 150. கடைசி என்னவோ பகல் கொள்ளை மாதிரி தெரியும். ஆனால் தகட்டுக் கவசம் வாங்கும் நிலைக்கு வந்த குழுவிடம் செலவழிக்க இடமில்லாமல் காசு குவிந்து கிடக்கும் என்பது ஐந்தாம் பதிப்பின் தீராத வியாதி. முழுதாக உடைந்தது என்றால் பாதி விலை, ஒரு வாரம். வழியில் முகாமிட்டு அதைச் சரி செய்ய முடியாது.

துரு, அமிலம், எதிரியின் கவசம், மந்திரக் கவசம்

இரும்பைத் துருவாக்கும் ரஸ்ட் மான்ஸ்டரும் அமிலக் கூழான பிளாக் புட்டிங்கும் மூல விதியிலேயே மந்திரமில்லாத கவசத்தின் ஏ.சி.யை ஒவ்வொன்றாகத் தின்னும். 10க்கு இறங்கினால் கவசம் அழியும். அந்த ஒவ்வொரு குறைவையும் ஒரு கோடாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இதற்கு ஆடுபவரின் சம்மதம் கேட்பதில்லை. இந்தக் கோட்டை நாங்கள் சிலுவைக் குறியாகப் போடுகிறோம். துரு தின்ற இரும்பைத் தட்டி நிமிர்த்த முடியாது, அதனால் அந்தக் கோடு பட்டறையில்தான் அழியும்.

இரண்டாவது செஷனிலேயே யாராவது கேட்பார்கள்: "அப்போ நான் அவன் கவசத்தை உடைக்கலாமா?" உடைக்கலாம். உங்களுக்குக் கிரிட்டிகல் விழுந்தால் டேமேஜை இரட்டிப்பதற்குப் பதிலாக எதிரியின் ஏ.சி.யை அந்தச் சண்டை முடியும் வரை இரண்டு குறைக்கலாம். எதிரிக்குக் கோடு எழுத வேண்டாம். பாவம், அவன் வாழப்போவது இன்னும் மூன்று சுற்று. குழுவில் நாலு பேர் ஒரே பெரிய எதிரியை அடிக்கும்போது இந்த இரண்டு, இரட்டை டேமேஜைவிட லாபமாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. நானாகச் சொல்லவில்லை.

மந்திரக் கவசம் ஒரு கோடு கூடுதலாகத் தாங்கும். கடைசிக் கோட்டில் அழியாது. பழுது பார்க்கும் வரை மந்திரம் உறங்கும், அவ்வளவே. ஆடமன்டைன் என்னும் அதிகடின உலோகக் கவசம் மூல விதிப்படியே எல்லாக் கிரிட்டிகலையும் சாதாரண அடியாக்கிவிடும். அதை அப்படியே விடுங்கள், கோடே கிடையாது. முன்பு யாரும் பெரிதாக மதிக்காத அந்தக் கவசத்துக்கு இப்போது எங்கள் மேசையில் அடிதடி.

ஓட்டிப் பார்ப்பது

ஒரு கேம்பெய்ன் (பல செஷன் நீளும் தொடர்கதை) நடுவில் இதைக் கொண்டுவருவதானால் ஊரில் இருக்கும்போது சொல்லுங்கள், குகைக்குள் இறங்கிய பிறகு அல்ல. மூன்று செஷன் சோதனை, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்று முதலிலேயே ஒப்பந்தம். கோடுகளைப் பென்சிலால் போடச் சொல்லுங்கள்.

அந்த மூன்று செஷனில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கிரிட்டிகல் விழும்போது ஆடுபவர் தயங்குகிறாரா? யோசிக்காமல் ஒவ்வொரு முறையும் கவசத்தையே கொடுக்கிறார் என்றால் பழுது மலிவாக இருக்கிறது. முகாமில் அழிக்கும் கோட்டை இரண்டு இரவுக்கு ஒன்றாக்குங்கள். ஒருவரும் கவசத்தைக் கொடுக்கவே இல்லை என்றால் பயம் அதிகம். கனமான கவசத்துக்கு ஐந்தாவது கோடு கொடுங்கள், அல்லது பட்டறை விலையைப் பாதியாக்குங்கள். ஒருமுறை கொடுத்து, மறுமுறை உதட்டைக் கடித்துக்கொண்டு வேண்டாம் என்று சொன்னால் எண்களில் கை வைக்காதீர்கள்.